இருமல் குடியேறிய கார்

பொத்தையூர்க் கீழத்தெருவில், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஞானாபரணத்தின் நெஞ்சுக்குள் பல்லாண்டுகளாகக் குடியிருந்து, சேவலையும் சர்ச் மணியையும் முந்திக்கொண்டு தெருவுக்கே பொழுது புலர்த்தி வந்த இருமலானது, பங்குனி மாதத்து ஒரு காலைப் பொழுதில், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவர் நெஞ்சை விட்டிறங்கி, வீட்டு முகப்பில் நின்றிருந்த அவருடைய பழைய வெள்ளைக் காருக்குள் போய்க் குடியேறிக்கொண்டது.

அந்த இருமலை அறியாதார் அவ்வூரில் இல்லை. முதலில் இரண்டு குட்டை. பின்னர் ஒரு நெட்டை. நெட்டையின் வால்முனையில், அவர் மைதானத்தில் ஊதிய ஊதலின் மிச்சம்போல் ஒரு மெல்லிய விசில். மழை வருவதாக இருந்தால் நெட்டை இன்னும் நீளும். வானொலி சொல்லும் வானிலை பொய்த்தாலும் பொய்க்கும், சாரின் இருமல் பொய்க்காது என்பது கீழத்தெருப் பெண்களின் அனுபவ ஞானமாதலால், நெட்டை நீண்டு ஒலித்ததும் மொட்டைமாடிகளில் காயும் வத்தலும் வடகமும் மறுபேச்சின்றி வீட்டுக்குள் போய்விடும்.

அன்று காலை இருமல் கேளாத நிசப்தத்தில் திடுக்கிட்டு விழித்தவர் அவர் மனைவி தங்கபுஷ்பம். கணவரின் மூக்கடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"என்ன புஷ்பம், மூக்கப் புடிக்க?" என்று கண்ணைத் திறவாமலே கேட்டார் ஞானாபரணம்.

"இருக்கீகளான்னு பாத்தேன்."

இருக்கிறோம் என்பதை மெய்ப்பிப்பதற்காகவே எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போவதற்காகக் காரைக் கிளப்பினார். கிளப்பியதுதான் தாமதம், கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த வேதவசன அட்டை கூத்தாட, கதவுகள் கடகடக்க, நின்ற இடத்திலேயே அந்த வண்டி நடுங்கத் தொடங்கியது. ஓட்டிக்கொண்டு போனால் ஒழுங்காகப் போயிற்று. நிறுத்தி வைத்து இன்ஜினை ஓடவிட்டாலோ குளிர்க்காய்ச்சல் கண்டவன்போல் உதறிற்று. அன்றியும், ஸ்டீயரிங்குக்குப் பின்னால், சின்னஞ்சிறு இன்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தெருவின் கீழ்க்கோடியில் ஐயம்பெருமாளின் மெக்கானிக் ஷெட். ஐயம்பெருமாள், சாரிடம் பள்ளியில் வரிசையில் நின்று கைகால் நீட்டிப் பழகிய மாணாக்கன். இப்போது காதோரம் நரைத்தவன். நீண்டதொரு திருப்புளியின் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு பொருத்தி, உள்ளே எது நோகிறது என்று கேட்டுச் சொல்லுகிற வித்தை கைவந்தவன்.

"ஏல ஐயம்பெருமாளு, நிப்பாட்டி வச்சா நடுங்குது. மஞ்ச லைட்டு ஒண்ணு எரிஞ்சுட்டே கெடக்கு. என்னன்னு பாரு."

"மிஸ்ஸிங் அடிக்கு சார். வண்டிக்கும் வயசாவுதுல்லா? பிளக்குப் போயிருக்கும், எறங்குங்க."

பிளக் வயர்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தான். ஒன்றை உருவினான், நடுக்கம் கூடிற்று; இரண்டை உருவினான், கூடிற்று; மூன்றை உருவினான், கூடவுமில்லை குறையவுமில்லை. ஆகவே கோளாறு மூன்றாவது சிலிண்டரில் என்று தெளிந்தான். காற்று ஒழுகுகிறதோ என்று ரப்பர் ஹோஸ்களின் மூட்டுகள்தோறும் பெட்ரோலைத் துளித்துளியாகப் பீய்ச்சிச் செவிமடுத்தான். திராட்டிலைக் கழற்றிக் கரி போகத் துடைத்து மாட்டினான். டவுனிலிருந்து ஸ்கேனர் பெட்டியை வரவழைத்துச் செருகினான். மூன்றாவதில் கோளாறு என்று அவன் அறிந்ததையே அவனுக்கு அறிவித்துவிட்டு அப்பெட்டி வாயை மூடிக்கொண்டது. கடைசியில் திருப்புளியை ஊன்றிக் காதைக் கொடுத்தான். வால்வு தட்டும் ஓசை அவனுக்குக் கேட்கவில்லை. உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு இரண்டு குட்டை, ஒரு நெட்டை, ஒரு விசில். அவனையறியாமல் அவன் குதிகால்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. கைகள் தொடையோடு சேர்ந்தன.

"சார், ஒங்க இருமலு எங்க?"

"காலம்பரலேருந்து வரல. ஏன் கேக்க?"

"இங்கன இருக்கு சார்."

"நல்லாத் தெரியுமால?"

"தெரியாமயா சார்? ஆறாங் கிளாஸ்லேருந்து கேக்கேன்."

ஞானாபரணம், பிள்ளை அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று கேள்விப்பட்ட தகப்பன்போலத் தலையை ஆட்டிக்கொண்டார். ஐயம்பெருமாள் தொழில் தர்மப்படி புதிய பிளக் ஒன்றை மூன்றாவது சிலிண்டரில் முறுக்கி ஸ்டார்ட் செய்தான். வண்டி சாதுவாயிற்று, மஞ்சள் விளக்கு அணைந்தது, அந்தக் கணமே சார் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடிந்து இருமலானார். பழைய பிளக்கை மறுபடி மாட்டினான். வண்டி நடுங்கிற்று, விளக்கு எரிந்தது, சார் நிமிர்ந்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இதையே போட்டுவை. புதுசு வேண்டாம்."

அவன் வாழ்நாளில் ஒரு வண்டியைப் பழுது பார்க்காதே என்று வாங்கிய முதல் கட்டளை அது.

இப்படியொன்று நிகழ்ந்ததே எங்ஙனம் என்று பொத்தையூர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவ்வூரார் கேட்டதெல்லாம், வண்டியில் இன்னும் இடமிருக்கிறதா என்பதே. வியாபாரிகள் சங்கத் தலைவரும் பலசரக்குக் கடை உரிமையாளருமான ரத்தினக்குட்டி அண்ணாச்சி, 'சும்மா உக்காந்து பாக்கேன்' என்று வலப்பக்கக் கதவால் ஏறி, நடுங்குகிற ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் இருந்துவிட்டு, தொந்தி தடுத்தபடியால் இடப்பக்கமாக நகர்ந்து இறங்கியபோது, அவருடைய முட்டிவலியை உள்ளேயே விட்டு இறங்கினார். அன்றிலிருந்து அந்தக் கார் வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் 'அம்மாடி' என்று முனகிற்று; மஞ்சள் விளக்குக்குப் பக்கத்தில், எந்தக் கம்பெனிக்காரனும் செய்துவைத்திராத முட்டிவடிவ விளக்கு ஒன்று எரியலாயிற்று. வலப்பக்கம் ஏறி இடப்பக்கம் இறங்க வேண்டும், இறங்கியபின் திரும்பிப் பார்க்கலாகாது என்பது அதுமுதல் சம்பிரதாயமாயிற்று. விதித்தவர் எவருமிலர், மீறியவரும் எவருமிலர்.

பல்வலி வந்தது, பல்வடிவில் ஒரு விளக்கு எரிந்தது. கண்புரை வந்தது, முன்விளக்குகள் மங்கின. சர்க்கரைக்காரர்கள் வந்து போனபின் புகைக்குழாயின் வாயில் எறும்பு சாரைவைத்தது. சுமைதூக்கும் மாடசாமியை அவன் மனைவி கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான், குடி நோயா பாவமா என்றொரு தர்க்கம் மூண்டது.

"நோவு வேற, பாவம் வேற. பாவத்துக்கு வேற எடம் இருக்கு," என்றார் சர்ச் உபதேசியார்.

"அந்த எடத்துக்கு எத்தன வாட்டி கூட்டியாந்தேன், அய்யா! வாசல்லயே படுத்துக் கெடந்தான். வண்டி குடிச்சாக் குடிச்சுட்டுப் போகட்டும். அது பொண்டாட்டிய அடிக்காதுல்லா?" என்றாள் அவள்.

மாடசாமி ஏறி இறங்கினான். அன்றுதொட்டு வண்டி பெட்ரோலை இருமடங்கு குடித்தது. அதற்கும் தெருவார் முறைவைத்து ஊற்றினார்கள். காலைதோறும் சார் வீட்டு முகப்பில் வண்டியை ஓடவிட, தத்தம் நோவு நலமாயிருக்கிறதா என்று கேட்டுப் போவதற்காக ஆட்கள் கூடினார்கள். "அந்தா முனங்குது பாரு, அது எம் முட்டி!" என்று அண்ணாச்சி பேரன் பாடுவதைக் கேட்பவர்போல் பூரித்தார்.

பூரிக்காத ஜீவன்கள் இரண்டு. ஒருவர் தங்கபுஷ்பம். பகலில் வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் முன்சீட்டைச் சாய்த்துக்கொண்டு அதில்தான் அவர் தூங்கினார்.

"வீட்டுல ஒறக்கம் வரமாட்டேங்கு, தம்பி. இவரு பக்கத்துல படுத்தா அசலூர் ஆளு பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு," என்று ஐயம்பெருமாளிடம் மட்டும் சொன்னார்.

மற்றவன் ஐயம்பெருமாள். ஊரார் காதுக்கு நோவாகக் கேட்டது, அவன் காதுக்கு இன்ஜினின் மரணமாகக் கேட்டது. இன்ஜினுக்குள் காற்றுப் புகும் மேனிபோல்டில் விரிசல் கண்டிருந்தது. மூன்றாவது சிலிண்டரின் வால்வு கருகிக்கொண்டிருந்தது. சரிசெய்ய ஒரு பிற்பகல் வேலைதான். ஆனால் அவன் ஸ்பேனரோடு சார் வீட்டுப் பக்கம் நடந்தாலே தெரு எழுந்து நின்றது.

"அண்ணாச்சி, வண்டி ரொம்ப நாளு தாங்காது. நான் கைவைக்கணும்."

"நீ வண்டியச் சரி பண்ணிட்டா எம் முட்டிய யாருவே சரி பண்ணுவா? ஒன் வேல, யாரும் கைவைக்காமப் பாத்துக்கிடுறது. நீயும் சேத்துத்தான் சொல்லுதேன்."

பழுதை அறிந்தும் பழுதைக் காவல் காக்கும்படி ஒரு மெக்கானிக்குக் கிட்டிய உத்தியோகம் அது.

அவனுக்கு ஒரே மகள், மாலையம்மாள். தாயில்லாப் பிள்ளை. சிறுவயது முதல் அவளுக்கு வலிப்பு. வருமுன் அவளுடைய இடது கைக் கட்டைவிரல், கண்ணுக்குத் தெரியாத நூலொன்றைத் திரிப்பதுபோல் ஆள்காட்டி விரலின்மேல் உரசத் தொடங்கும். அந்த உரசல் ஒன்றே ஐயம்பெருமாளுக்குக் கிடைத்த அவகாசம். அதற்குள் அடுப்பை அவிக்க வேண்டும், கூர்மையானவற்றை ஒதுக்க வேண்டும், இடப்பக்கமாகச் சாய்த்துத் தலைக்கடியில் துண்டை மடித்து வைக்க வேண்டும்; அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்ப்பவர்கள் 'இரும்பக் குடு, இரும்பக் குடு' என்று கூவுவார்கள். ஷெட் நிறைய இரும்பு வைத்திருந்தவன் அவன், எந்த இரும்புக்கும் வலிப்பு கேட்கவில்லை. பள்ளி நின்றது, கிணற்றடி நின்றது, தனியே பஸ்ஸேறுவது நின்றது. பழைய சைக்கிள் ஒன்றை அவன் அவளுக்காக வாங்கிச் செப்பனிட்டு வைத்திருந்தான். அவள் ஏறாமலே அதன் டயர்கள் வெடித்துப்போயிருந்தன.

அந்த வண்டி சாகப்போகிறது என்று தெரிந்தவனாதலால் மகளை அதில் ஏற்ற அவனுக்கு மனமில்லை. கேட்டவள் அவளே.

"யப்பா, ஊரே எறக்கி வச்சுட்டுப் போகுது. நான் மட்டும் செமக்கணுமா?"

"அது தாங்காது ட்டி. ஒருநா இல்ல ஒருநா நின்னுபோகும். அன்னிக்கு எல்லாம் திரும்பி வரும்."

"அது தாங்குற வரைக்கும் நான் சைக்கிள் ஓட்டிக்கிடுதேன்."

மறுநாட்காலை அவளே வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். இறங்கும்போது வெறுங்கையோடு இறங்கினாள்.

அதன்பின் அந்த வண்டி, நடுங்கிக்கொண்டிருந்தபடியே சில நாட்களில் திடீரென்று விறைத்து நிற்கும். துடைப்பான்கள் தாமாகக் கண்ணாடியில் அடித்துக்கொள்ளும். முன்னால் ரேடியேட்டரிலிருந்து ஒழுகும் தண்ணீர் நுரைத்து வரும். ஐயம்பெருமாள் ஓடிப்போய், கூடியிருப்போரை விலக்கி, பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, அது அடங்கும்வரை பக்கத்தில் குந்தியிருப்பான். "மெக்கானிக்குக்குக் கிறுக்குப் புடிச்சிட்டு," என்றார்கள். மாலையம்மாளோ புதுடயர் மாட்டிய சைக்கிளில், பின்னல் அவிழ்ந்ததும் அறியாமல், ஆற்றுப் பாலத்தின் சரிவில் இரு கைகளையும் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். டவுனில் தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, தனியே பஸ்ஸேறி, தனியே வந்தாள். அவள் சிரிக்கக் கேட்கிற வேளையிலேயே, சார் வீட்டு முகப்பில் வால்வு கருகுவதும் அவனுக்குக் கேட்டது. ஒரே காதில் இரண்டையும் வைத்துக்கொண்டு அவன் ஒரு வருஷம் கழித்தான்.

அந்நிலையில் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கெடு வந்து சேர்ந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரியென்றால் வண்டி உயிர்பிழைக்கும். இல்லையென்றால் உடைத்து இரும்பாக்கிவிடுவார்கள். உள்ளே இருப்பவை உடைக்கும்போது எங்கே போகும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. டாஷ்போர்டோ தசராக் கடைத்தெருபோல் மஞ்சளும் சிவப்புமாய்ச் சாவியை எடுத்தாலும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"இத்தன லைட்டப் பாத்தா அவர் கிட்டயே வரமாட்டார்," என்றார் ரத்தினக்குட்டி அண்ணாச்சி. "ஐயம்பெருமாளு, நீ சரி பண்ண வேண்டாம். லைட்ட மட்டும் அணைச்சுக் குடு."

லைட்டை மட்டும் அணைப்பது எப்படி என்பதை அந்த வட்டாரத்து மெக்கானிக்குகள் அனைவரும் அறிவர். கோளாறு பிடிபடாதபோதும், வண்டிக்காரன் வாசலில் நின்று அவசரப்படுத்தும்போதும், பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மாட்டினால், விளக்கு அணைந்திருக்கும். கோளாறு மறுபடி தலைகாட்டுமுன் வண்டியை ஒப்படைத்துவிட வேண்டும். இதை யாரும் ஏமாற்று என்று நினைத்ததில்லை. தலைவலிக்குத் தைலம்போல் ஒரு வழக்கம். ஐயம்பெருமாளும் எத்தனையோ வண்டிகளுக்குச் செய்தவன்தான். ஆயினும் அன்று அவன் தயங்கினான்.

"அண்ணாச்சி, வண்டிக்குள்ள ஒரு மூளை மாதிரி பொட்டி இருக்கு. வயரக் கழட்டுனா அது படிச்சு வச்சதெல்லாம் மறந்துபோகும்."

"மறக்கட்டுமேவே! நோவ யாரு ஞாபகம் வச்சுக்கிடச் சொன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். சைக்கிளைப் பிடித்தபடி கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மாலையம்மாளும் சிரித்தாள். பழுது பார்த்தால் நோவுகள் திரும்பும். பாராமல் விட்டால் வண்டி இரும்பாகும். இரண்டுக்கும் நடுவே அவனுக்கென்று இருந்தது பேட்டரி வயர் ஒன்றே. சாரின் முகத்தைப் பார்த்தான். "ஏல, ஒனக்குத் தெரியாததா?" என்று சார் சொன்னார். தனக்குத் தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி வயரை எடுத்தான். முட்டி அணைந்தது, பல் அணைந்தது, கண் அணைந்தது. திருவிழா முடிந்த தெருவில் ஒவ்வொரு கடையாகச் சாத்துவதுபோல் விளக்குகள் அவிந்துகொண்டே வந்து, கடைசியில் அந்தப் பழைய மஞ்சள் விளக்கும் ஒருமுறை சிமிட்டிவிட்டு அவிந்தது. ஒருவரும் டீ குடிக்கப் போகவில்லை. வயரை மாட்டி, சாவியைத் திருகினான். வண்டி கிளம்பியதா இல்லையா என்பதே தெரியவில்லை, அத்தனை சாந்தம். பானெட்டின்மேல் தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தான். தண்ணீரில் ஒரு வளையம் இல்லை. கருகிய வால்வும் விரிசல் கண்ட மேனிபோல்டும் எங்கே போயின? திருப்புளியை ஊன்றிக் கேட்டான். உள்ளே யாருமில்லை.

தெரு கைதட்டிற்று. அந்தக் கைதட்டலுக்கு ஊடே இரண்டு குட்டை, ஒரு நெட்டை, ஒரு விசில் ஒலித்தன.

பழக்கத்தால் எல்லாரும் சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். சார் வாயை மூடிக்கொண்டு நின்றார். சைக்கிள் கீழே விழுந்து அதன் பின்சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. மாலையம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். மகளை நோக்கி ஓடிய ஐயம்பெருமாள் பாதியிலேயே நின்றான். ஏனெனில் சாரின் இடது கைக் கட்டைவிரல், கண்ணுக்குத் தெரியாத நூலொன்றைத் திரித்துக்கொண்டிருந்தது.

எவர் எதைக் கொண்டுவந்தார் என்பதை மறந்துவிட்ட அந்த வண்டி, கல்யாண வீட்டு வாசலில் மின்சாரம் போனவேளை கையில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு போவார்களே, அதுபோல, அகப்பட்டதை அகப்பட்டவர்க்குக் கொடுத்துவிட்டிருந்தது. ரத்தினக்குட்டி அண்ணாச்சிக்கு யாருடைய பல்வலியோ வாய்த்தது. அவருடைய முட்டி மாடசாமியின் மனைவிக்குப் போயிற்று. மாடசாமியின் குடி, வண்டியில் ஏறவே ஏறாத உபதேசியாருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அன்று மாலை மதுக்கடை அடைக்குமுன் டவுனுக்குப் பஸ் இருக்கிறதா என்று விசாரித்தார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் மறுநாள் வண்டியைப் பார்த்து, இத்தனை பழைய வண்டியை இத்தனை அழகாக வைத்திருக்கிறீர்களே என்று மெச்சி, உடனே சம்மதித்தார்.

மீண்டும் ஏறிப் பார்க்காமலா இருந்தார்கள்? வலப்பக்கம் ஏறினார்கள், இடப்பக்கம் இறங்கினார்கள். ஏறிய நோவோடேயே இறங்கினார்கள். ஒரு விளக்கும் எரியவில்லை. ஐயம்பெருமாள் தன் கையாலேயே ஹோஸைக் கிழித்துப் பார்த்தான். புதுப் பிளக் ஒன்றைப் போட்டுப் பிடுங்கி, மறுபடி பழைய பிளக்கையே மாட்டிப் பார்த்தான். வண்டி நடுங்கத்தான் செய்தது. காதை வைத்தால் அது வெறும் மிஸ்ஸிங், யாருடையதும் அல்ல. ஆயுள் முழுவதும் கோளாறுகளை வெளியே எடுத்துவந்தவன், ஒரேயொரு கோளாறு உள்ளே வரமாட்டாதா என்று பானெட்டில் தலையை வைத்துக்கொண்டு நின்றான்.

ஊர் இதையும் செரித்துக்கொண்டது. தன் பழைய நோவு எவரிடம் போயிற்றோ அவரைப் போய்ப் பார்த்துவருவது மரியாதையாயிற்று. "முட்டி எப்படியிருக்கு? ஏறும்போது வலது கால முதல்ல வைக்காத தாயி, அதுக்குப் பிடிக்காது," என்று அண்ணாச்சி மாடசாமி வீட்டுக்குத் தைலத்தோடு போனார். மாடசாமி, மதுக்கடை வாசலில் உபதேசியாரைக் கண்டால் தோளில் கைபோட்டு, "வேண்டாம்யா, இந்நேரம் பச்சத் தண்ணிய மடமடன்னு குடிச்சிட்டு மல்லாந்து படுத்திரணும்," என்று பக்குவம் சொல்லி வீட்டில் கொண்டுபோய் விட்டான். எந்த நோவையும் அதனோடு வாழ்ந்தவர்தாமே அறிவர்!

தங்கபுஷ்பம் சுக்கும் ஆடாதோடையுமாய் ஐயம்பெருமாள் வீட்டுக்கு வந்தார். எந்த வேளைக்கு ஆவி பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்தால் நெட்டை அடங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாலையம்மாளின் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார். அவள் இருமத் தொடங்கினால் அவர் கண் செருகும். சற்று நேரத்தில் அங்கேயே, பாயில், ஒரு வருஷத்து உறக்கத்தையும் சேர்த்து உறங்குவார். மாலையம்மாள் சைக்கிளை விடவில்லை. பாலத்துச் சரிவில் மட்டும் இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்பும்வரை நின்று, பிறகு தள்ளிக்கொண்டு போனாள்.

ஐயம்பெருமாள் பிற்பகலில் ஷெட்டைச் சாத்திவிட்டுச் சார் வீட்டுக்கு வந்து எதிரில் உட்காருவான். சாரோடு பேசுவான், பார்வை மட்டும் அவர் இடது கையில் இருக்கும். மகளைக் கீழே தள்ளிய அந்த நோவு இனி அவளிடம் இல்லை என்றொரு நிம்மதி அவனுக்குள் எழும். எழும்போதே எதிரில் இருக்கும் கிழவரைக் கண்டு அது வெட்கி மடங்கும். மறுபடி எழும்.

சித்திரை வெயில் உச்சிசாய்ந்த ஒரு நாள் அந்தக் கட்டைவிரல் உரசத் தொடங்கிற்று. ஐயம்பெருமாள் டீத் தம்ளரை அப்புறப்படுத்தினான், நாற்காலியைத் தள்ளினான், சாரைத் தாங்கித் தரையில் இடப்பக்கமாகச் சாய்த்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தான். வீங்கிய தாடையோடு உள்ளே வந்த அண்ணாச்சி, "இரும்பு, இரும்பு! ஏ, ஒங்கிட்ட இல்லாத இரும்பா?" என்று பதறினார்.

"இரும்புக்கெல்லாம் கேக்காது அண்ணாச்சி. உக்காருங்க."

அண்ணாச்சி உட்கார்ந்தார். மைதானம் அதிர ஊதல் ஊதிய அந்த உடம்பு துள்ளுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகப்பில் அந்த வெள்ளைக் கார், ஒரு விளக்கும் எரியாமல், வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. துள்ளல் தணிந்தது, மூச்சு இறங்கியது, வெகுநேரம் கழித்துக் கண்கள் வழி தேடி வந்தன.

"ஐயம்பெருமாளா?"

"நாந்தான் சார்."

"எங்க கெடக்கேன்?"

"வீட்டுலதான் சார். ஒண்ணுமில்ல."

அப்போது தெருக்கோடியிலிருந்து இருமல் கேட்டது. சார் தலையைத் தூக்காமலே செவியைச் சாய்த்தார். இரண்டு குட்டை. பிறகு நெட்டை, அது நீண்டது, முடியும் என்று நினைத்த இடத்தைத் தாண்டி இன்னும் நீண்டது, விசிலில் போய் அறுந்தது.

"பிள்ளைக்கு நல்லா இழுக்குதுல," என்றார் சார், பழைய மாணவன் ஒருவன் ஓடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்போல.

"ஆமா சார்."

"மழை வரும்."

வானத்தில் ஒரு மேகமும் இல்லை. ஐயம்பெருமாள் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தான். மொட்டைமாடிகள்தோறும் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை; யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவன் மகளின் இருமலைக் கேட்டு, மறுபேச்சின்றி, கீழத்தெரு முழுவதும் வத்தலையும் வடகத்தையும் வாரிக்கொண்டிருந்தது.